நாற்றம் போயிற்று, பன்றிகள் போகவில்லை

பக்கத்து நிலத்துக்காரர் எங்கள் பண்ணைக்குள் கால் வைத்த முதல் நாளே, "எப்பம்மா காலி பண்ணப் போற?" என்றுதான் பேச்சை ஆரம்பித்தார். அவருக்குப் பின்னால் ஊர்க்காரர்கள் சிலர் நின்றார்கள். நான் குட்டிகளுக்குத் தவிட்டோடு மரவள்ளித் திப்பியைப் பிசைந்துகொண்டிருந்தேன். ஜவ்வரிசி ஆலையில் மாவெடுத்த பிறகு தள்ளிவிடும் சக்கை அது. பன்றிக்கு அதைவிடப் பிடித்த தீனி இல்லை. கையைக் கழுவாமலே எழுந்து போனேன்.

"எத காலி பண்ணணும்ணா?"

அந்த 'அண்ணா' அவருக்குப் பிடிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. என் அம்மா அவருடைய அப்பாவை 'ஆண்ட' என்று கூப்பிட்டவள். அவர்கள் வீட்டுக் கரும்பை வெட்டியே இடுப்பு ஒடிந்து போனவள். நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை அறிவியல் பிரிவில் படித்தவள். எனக்கு அந்தச் சொல் நாக்கில் வராது.

"இந்தப் பன்னிங்களத்தான். மோட்டார் கொட்டாயில குந்த முடியல. கண்ணு எரியுது. காத்து இந்தப் பக்கமா அடிச்சா வூட்ல சோறு எறங்கல. ஊர்ல எல்லாரும் எங்கிட்ட வந்து சொல்லிக்கினு கீறாங்க. எவ்ளோ நாளைக்குப் பொறுத்துக்கினு இருக்கிறது?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. நாற்றம் இருந்தது. கொட்டகையில் குனிந்து கழிவை வழித்துவிட்டு நிமிர்ந்தால் எனக்கே கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டும். எத்தனை சோப்பு போட்டுக் குளித்தாலும் தலைமுடியில் அது தங்கிவிடும். கள்ளக்குறிச்சிக்கு டவுன் பஸ்ஸில் போனால், கூட்டம் நெரிகிற நேரத்திலும் என் பக்கத்து சீட்டு காலியாகவே இருக்கும்.

"நாத்தம் இருக்குதுண்ணா. இல்லன்னு சொல்லல. அத நிறுத்துறேன். பன்னிய நிறுத்த மாட்டேன்."

பின்னால் நின்றவர்களில் ஒருவர் சிரித்தார். "பன்னி இருக்கிற எடத்துல நாத்தம் இல்லாம மல்லிப்பூவா மணக்கும்?"

"மணக்க வேணாம். நாத்தம் போயிட்டா அப்புறம் யாரும் இங்க வந்து காலி பண்ணுன்னு கேக்கக் கூடாது. அத மட்டும் ஒத்துக்கோங்க."

நிலத்துக்காரர் கொட்டகையை ஒரு முறை சுற்றிப் பார்த்தார். "கரும்பு வெட்டு முடியறதுக்குள்ள செஞ்சி காட்டு. இல்லன்னா நாங்களே வண்டி வெச்சி ஏத்தி அனுப்பிடுவோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எப்படிச் செய்வது என்று அந்த நிமிஷம் எனக்குத் துளியும் தெரியாது. வாய் முந்திக்கொண்டது. வேலிக்கு அந்தப் பக்கம் அவர்கள் தலை மறைந்ததும் என் நாத்தனார் கொட்டகைக்குள்ளிருந்து கூடையோடு வந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"இன்னா அண்ணி, இப்டி சொல்லிட்ட?"

"சொல்லியாச்சி. இனிமே செய்யணும்."

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் கணவரின் தங்கை. கருணாபுரத்தில் வாழ்க்கைப்பட்டவள். அந்த வருஷம் அந்தத் தெருவில் பாக்கெட் சாராயம் குடித்து ஆம்பிளைகள் வரிசையாகச் செத்தபோது அவள் புருஷனும் செத்தார். காலையில் வயிறு வலிக்கிறது என்றார். மதியம் கண்ணைக் கட்டிக்கொண்டு வருகிறது, விளக்கைப் போடு என்றார். நல்ல வெயில் நேரம். மூட்டை தூக்கிக்கொண்டிருந்த மனுஷர். அதற்கப்புறம் அந்தத் தெருவுக்கு எத்தனையோ கார்கள் வந்தன, எத்தனையோ மைக்குகள் நீட்டப்பட்டன. அவள் எதற்கும் வாய் திறக்கவில்லை. கொஞ்ச நாளில் ஒரு டிரங்குப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். என் கணவர் லாரியில் போகிறவர், மாதத்தில் பாதி நாள் வெளியூரில்தான். ஆக வீட்டில் நாங்கள் இரண்டு பேர்.

பன்றி வளர்க்கலாம் என்றது அவள்தான். வடக்கனந்தலிலிருந்து மலைக்குப் போகிற ரோட்டை ஒட்டி என் அம்மாவுக்கு அரசாங்கம் கொடுத்த மேட்டு நிலம் ஒரு துண்டு சும்மா கிடந்தது. கல்லும் வேலிகாத்தான் முள்ளும்தான். மாடு வாங்கலாம் என்று நான் யோசித்தேன்.

"மாடு வாங்கி கறந்தா, நம்ம வூட்டுப் பால யாரு அண்ணி வாங்குவா?" என்று அவள் கேட்டாள். "பன்னி வெச்சிக்கலாம். கறிக்கடைக்காரன் வந்து எடை போடுவான், ஏத்திக்கினு போவான். நீ எந்தத் தெருன்னு கேக்க மாட்டான்."

அதற்குமேல் நான் யோசிக்கவில்லை. வெண்பன்றிக் குட்டிகள் வாங்கினோம். அவை பெருகின. வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து ஜீப்பில் வந்து குட்டி வாங்கிப்போகும் அளவுக்குப் பேர் வந்தது. அத்தோடு கழிவும் பெருகியது. கொட்டகைக்குப் பின்னால் சிமெண்டுக் குழியில் அது நிரம்பிக் கிடந்தது. அதுதான் ஊர்க் கண்ணை எரித்தது.

மறுநாள் மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே இருந்த டாக்டரம்மா என்னைவிட வயதில் சின்னவர், வேலைக்கு வந்து அதிக நாள் ஆகாதவர். எங்கள் பன்றிகளுக்கு ஊசி போட வருகிறவர். நடந்ததைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேனாவைத் திருகிக்கொண்டிருந்தார்.

"வெளிநாட்டுல கழிவுல ஆசிட் கலக்கறாங்க" என்றார். "மூத்திரமும் சாணியும் சேர்ந்தா அம்மோனியா உண்டாகுது. உங்க கண்ண எரிக்கிறது அதுதான். கழிவை நல்லா புளிப்பாக்கிட்டா அது காத்துல போகாது, கழிவுக்குள்ளயே தங்கிடும். மீத்தேன்னு இன்னொரு வாயு, அதுவும் கம்மியாகும். பூமி சூடாகறதுக்கு அதுவும் ஒரு காரணம்."

பூமியைப் பற்றி அப்போது எனக்குக் கவலை இல்லை. என் வேலிக்கு அந்தப் பக்கம் சூடாகிக்கொண்டிருந்த ஆளைப் பற்றித்தான் கவலை.

"நீங்க செஞ்சி பாத்திருக்கீங்களா மேடம்?"

"இல்லைங்க. பரீட்சையில எழுதியிருக்கேன்" என்று சொல்லிச் சிரித்தார். "நம்ம பக்கம் யாரும் செஞ்சதா எனக்குத் தெரியல. செய்யறதா இருந்தா நானும் கூட வரேன். தனியா மட்டும் செஞ்சிடாதீங்க, ஆபத்து."

ஆசிட் என்றதும் எனக்கும் பயம்தான். முதலில் வீட்டில் இருப்பதை வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. பள்ளிக்கூடங்களுக்கு ஆய்வுக்கூடச் சாமான் விற்கும் கடையில், புளிப்பா காரமா என்று நிறத்தில் காட்டும் தாள் வாங்கிவந்தேன். பழம்புளியைக் கரைத்து வாளி வாளியாக ஊற்றினோம். தாள் பச்சையிலிருந்து அசையவில்லை. புளித்த மோர் ஊற்றினோம். ஒரு பொழுது நிறம் லேசாக மாறியது, விடிந்ததும் பழையபடி ஆகிவிட்டது. ஊருக்குள் செய்தி பரவிவிட்டது. டீக்கடையில் என்னைப் பார்த்து, "பன்னிக்கு ரசம் வெக்கிறாங்களாமே" என்று ஒருவர் கேட்டார்.

"ஆமாங்க, பத்தல. உங்க வூட்ல இருந்தா கொஞ்சம் ஊத்துங்க" என்றேன். டீயை நின்று நிதானமாகக் குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

பிறகு ஆசிட்டுக்கே போனேன். கள்ளக்குறிச்சியில் பேட்டரிக் கடைக்காரர் எதற்கு என்று துருவித் துருவிக் கேட்டார். கேட்க வேண்டியதுதான், ஆசிட்டை யாருக்கும் தூக்கிக் கொடுத்துவிட முடியாது. டாக்டரம்மாவே போனில் பேசி, நான் ஆதார் காட்டி, கையெழுத்துப் போட்ட பிறகு ஒரு வெள்ளைக் கேனில் கொடுத்தார். நீர் கலந்த கந்தக அமிலம். மொபெட்டின் முன்பக்கம் வைத்துக் கட்டிக்கொண்டு வந்து நிறுத்தினேன்.

என் நாத்தனார் கேனைப் பார்த்தாள். கையிலிருந்த தண்ணீர்க் குடத்தைக் கீழே வைத்தாள்.

"அத வெளிய எடு."

"பாதுகாப்பாதான் வெக்கப் போறேன். நீ தொட வேணாம்."

"இந்த மாதிரி கேன்லதானே அண்ணி அவனுங்க சாராயம் கலக்கினானுங்க? வரிசையா புடிச்சி வெச்சி டிவில காட்டினாங்களே. நான் பாத்துக்கினே இருந்தேன். ஒரு கேனு இந்த வூட்டுக்குள்ள வந்தா நான் கெளம்பிடுவேன்."

அவள் குரலை உயர்த்தவே இல்லை. கேனைத் திருப்பி வண்டியில் கட்டிக் கடைக்காரரிடமே கொண்டுபோய்க் கொடுத்தேன். வீட்டுக்கு வந்ததும் அவள் சோறு போட்டாள். இரண்டு பேரும் சாப்பிட்டோம். ஆசிட் வேண்டாம், வேறு வழி பார்க்கலாம் என்று நான் முடிவு செய்துவிட்டேன். வேறு வழி எதுவும் என் கையில் இல்லை.

இரண்டு நாள் கழித்து நிலத்துக்காரரின் ஆட்கள் எங்கள் வேலியோரம் நின்று, "கரும்பு வெட்டு ஆரம்பிச்சாச்சி, மூட்ட கட்டுங்க" என்று கத்திவிட்டுப் போனார்கள். அப்போது கொட்டகையில் அவள் மட்டும்தான் இருந்தாள். நான் வந்தபோது கொட்டகைக்கு அப்பால், வீட்டிலிருந்து நன்றாகத் தள்ளி, மண்வெட்டியால் குழி தோண்டிக்கொண்டிருந்தாள்.

"இது எதுக்கு?"

"கேன் வெக்க. வூட்டுக்குள்ள வராது. இந்தக் குழில வெச்சி மேல பலக போட்டுப் பூட்டு போடணும். சாவி எங்கிட்ட இருக்கணும். கேன் மேல செவப்பு பெயிண்ட்ல நான் எழுதுவேன். எங்கிட்ட கேக்காம நீ கூட தொறக்கக் கூடாது."

"சரி."

"போய் வாங்கியாறலாம். நானும் வரேன்."

திரும்பி வரும்போது ரோட்டில் போலீஸ் நிறுத்தியது. அந்தச் சாவுகளுக்குப் பிறகு மலைக்குப் போகிற ரோட்டில் கேன் என்றாலே வண்டியை ஓரங்கட்டச் சொல்வது வழக்கமாகிவிட்டது. ஒரு எஸ்.ஐ.யும் கான்ஸ்டபிளும் நின்றிருந்தார்கள். முன்னால் ஒரு கேன், பின்னால் என் நாத்தனாரின் மடியில் ஒரு கேன்.

"எறங்கு. இன்னா இது?" என்றார் கான்ஸ்டபிள்.

"ஆசிட்டுங்க. பன்னிக் கழிவுல கலக்க."

"பன்னிக்கு ஆசிட்டா? கத சொல்றியா? எங்க எடுத்துக்கினு போற, மலை மேலயா? சாராயத்துக்கா?"

அவர் கேனின் மூடியைத் திருகி மூக்கைக் கிட்டே கொண்டுபோனார். "மோந்து பாக்காதீங்க, மூக்கு வெந்து போயிடும்" என்று நான் தடுத்தேன். அவர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். "அப்டின்னா உள்ள இன்னா இருக்குது?" என்று குரல் ஏறியது. டாக்டரம்மாவின் நம்பரை எஸ்.ஐ.யிடம் சொன்னேன். அவர் போன் போட்டார், அந்தப் பக்கம் யாரும் எடுக்கவில்லை. ரோட்டில் போகிற வருகிற பஸ்ஸெல்லாம் எங்களைப் பார்த்துக்கொண்டு போயின. எங்கள் ஊர்க்காரர்களும் பார்த்திருப்பார்கள். தலையைக் குனியக் கூடாது என்று நான் கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு நின்றது நினைவிருக்கிறது.

"உண்மைய சொல்லும்மா. எவனுக்கு எடுத்துக்கினு போற?" என்றார் கான்ஸ்டபிள் மறுபடியும்.

அப்போதுதான் என் நாத்தனார் வாய் திறந்தாள். மைக்குகளுக்கு முன்னால் திறக்காத வாய்.

"சார், என் வூட்டுக்காரரு கருணாபுரம். அதக் குடிச்சிதான் செத்தாரு. கண்ணு தெரியல கண்ணு தெரியலன்னு என் கையப் புடிச்சிக்கினே செத்தாரு. எங்கிட்ட வந்து எவனுக்கு எடுத்துக்கினு போறன்னு கேக்குறீங்க. அன்னிக்கி கேன் கேனா போனப்ப யாரு நிறுத்தினா?"

கான்ஸ்டபிள் எஸ்.ஐ.யைப் பார்த்தார். எஸ்.ஐ. தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். "அந்தக் கேனை மூடுய்யா" என்றார். கொஞ்ச நேரத்தில் டாக்டரம்மாவே திரும்பக் கூப்பிட்டார். அவரிடம் பேசிவிட்டு எஸ்.ஐ. எங்களைப் போகச் சொன்னார். கிளம்பும்போது, "அடுத்த தரம் இன்னான்னு தெரியற மாதிரி எழுதி எடுத்துக்கினு போங்கம்மா" என்றார்.

"எழுதத்தான் போறேன்" என்றாள் அவள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பெயிண்ட் டப்பாவைத் திறந்தாள். இரண்டு கேனிலும் 'ஆசிட். பன்றிப் பண்ணைக்கு' என்று பெரிய எழுத்தில் எழுதினாள். அதற்குப் பிறகு எத்தனையோ முறை அதே ரோட்டில், அதே கேனோடு, எழுத்து வெளியே தெரியும்படி வைத்துக் கட்டிக்கொண்டு போயிருக்கிறோம்.

டாக்டரம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். ரப்பர் கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி, முழங்கால் வரை பூட்ஸ் எல்லாம் போட்டுக்கொண்டோம். சிமெண்டை ஆசிட் அரித்துவிடும் என்பதால் பக்கத்தில் புதிதாக மண்ணில் ஒரு குழி தோண்டி, அதற்குள் பண்ணைக்குட்டைக்கு விரிக்கிற தடித்த பிளாஸ்டிக் பாயை என் கணவர் விரித்துக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். நீல டிரம் ஒன்றில் பாதிக்கும் கீழே சிமெண்டுக் குழியிலிருந்த கழிவை நிரப்பி, அதில் ஆசிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கட்டையால் கலக்கினேன்.

கழிவு கொதிக்கிற பாலைப் போல நுரைத்து எழுந்தது. டிரம்மின் விளிம்பைத் தாண்டி வழிந்தது. கூடவே அழுகிய முட்டை நாற்றம் ஒன்று. அதுவரை நாங்கள் முகர்ந்த நாற்றமெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமில்லை. "தள்ளிப் போங்க, காத்து வர பக்கம் போங்க" என்று டாக்டரம்மா சத்தம் போட்டார். நான் கட்டையைப் போட்டுவிட்டு ஓடினேன். திரும்பிப் பார்த்தால் என் நாத்தனார் நின்ற இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். தலை சுற்றுகிறது என்றாள். நானும் டாக்டரம்மாவும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்து, காற்று வருகிற மேட்டில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தோம்.

அவள் கண்ணைத் திறந்து திறந்து மூடினாள். எனக்கு உயிரே போய்விட்டது. "கண்ணு தெரியுதாடி? என்னத் தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

"தெரியுது அண்ணி. மலை தெரியுது. நீ அழுவறது தெரியுது. ஒண்ணும் ஆவல."

டாக்டரம்மா அவள் நாடியைப் பிடித்துக்கொண்டே சொன்னார். "பழைய கழிவுல ஆசிட் பட்டா இந்த வாயு வரும்னு படிச்சிருந்தேன். இவ்ளோ வேகமா வரும்னு தெரியல. இத்தோட விட்டுடலாம். என் மேல தப்பு." அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். சாயங்காலம்வரை வைத்திருந்து அனுப்பினார்கள்.

நான் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். கேனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பன்றிகளை விற்றுவிட்டு, மறுபடி கரும்பு வெட்டப் போகலாம். என்னால் அவளையும் பறிகொடுக்க முடியாது. ஆனால் வீட்டுக்கு வரும் வழியில் அவளே ஆரம்பித்தாள்.

"பழசுல ஊத்தினதாலதான் பொங்கிச்சி. நாம தெனமும் புதுசா வழிக்கறதுல கொஞ்சமா ஊத்தினா?"

"இன்னொரு தரமா? வேணாம்."

"அண்ணி, நான் கருணாபுரத்துலயே சாகல. இதுல சாக மாட்டேன். காத்துக்கு முதுகக் காட்டி நிக்கணும், டிரம்முல கால்வாசிதான் ரொப்பணும், ஒருத்தி ஊத்தணும், ஒருத்தி தள்ளி நிக்கணும். அவ்ளோதானே?"

அவள் சொன்னதையே டாக்டரம்மாவும் பிறகு ஒப்புக்கொண்டார். பழைய குழியைக் காலி செய்து, மண்ணில் பரப்பிக் காயவிட்டோம். அதற்கப்புறம் தினமும் காலையில் வழித்த புதுக் கழிவை மட்டும் திறந்த வெளியில் டிரம்மில் விட்டு, ஆசிட்டை மெல்லிய தாரையாக விட்டோம். தாள் மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் நடுவில் வரும்வரை. பிறகு பாய் விரித்த குழியில் சேர்த்தோம். சில நாள் நுரை அடங்காது, அன்று நிறுத்திவிடுவோம். ஒரு துளி தெறித்து என் புடவையில் ஓட்டை விழுந்தது. அந்தப் புடவையையே வேலைக்கு வைத்துக்கொண்டேன்.

மாற்றம் ஒரே நாளில் தெரியவில்லை. ஒரு காலையில் கொட்டகையைக் கழுவிவிட்டு நிமிர்ந்தபோது, கண்ணைத் துடைக்கக் கை போகவில்லை என்பதைக் கவனித்தேன். வேலையை நிறுத்திவிட்டு நின்றேன். மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தேன். பன்றியின் வாசனை இருந்தது, தவிட்டு வாசனை இருந்தது, ஈர மண் வாசனை இருந்தது. அந்தக் குத்தல் இல்லை. குட்டிகளின் இருமலும் குறைந்திருந்தது. நாத்தனாரைக் கூப்பிட்டேன். அவளும் வந்து மூச்சிழுத்துப் பார்த்தாள். "பஸ்ஸுல போய்ப் பாக்கலாம் அண்ணி" என்றாள். அன்றே போனோம். சுத்தமாகக் குளித்துவிட்டெல்லாம் போகவில்லை, வேலை முடிந்த கையோடு போனோம். என் பக்கத்தில் ஒரு அம்மா கீரைக்கட்டோடு வந்து உட்கார்ந்து, கள்ளக்குறிச்சிவரை தூங்கிக்கொண்டே வந்தாள்.

கரும்பு வெட்டு முடிகிற நேரத்தில் நிலத்துக்காரர் வந்தார். கையோடு ஒரு அதிகாரியையும் கூட்டி வந்திருந்தார். சுகாதாரக் கேடு என்று மேலே சொல்லியிருப்பார் போலிருக்கிறது. அதிகாரி கொட்டகையைச் சுற்றினார், குழியை எட்டிப் பார்த்தார், பூட்டுப் போட்ட ஆசிட் குழியைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். பண்ணை நடத்தத் தேவையான காகிதங்களைக் கேட்டார், காட்டினேன். டிரம்மில் எப்படிக் கலக்குகிறோம் என்று என் நாத்தனார் விளக்கினாள்.

"நாத்தம்னு சொன்னீங்களே, பெருசா ஒண்ணும் தெரியலையே" என்றார் அதிகாரி நிலத்துக்காரரிடம்.

"இன்னிக்கி காத்து மாத்தி அடிக்குது சார்."

அதிகாரி கைக்குட்டையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். காற்று எங்கள் பக்கமிருந்து நேராக நிலத்துக்காரர் பக்கம்தான் போய்க்கொண்டிருந்தது. அதிகாரி வேலிவரை நடந்து போனார். வேலியைத் தாண்டி நிலத்துக்காரரின் மோட்டார் கொட்டாய்வரை போய், அங்கே போட்டிருந்த கட்டிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தார்.

"இல்லைங்க. இத வெச்சி நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்றார்.

நிலத்துக்காரர் முகம் சிவந்துவிட்டது. "நாத்தம் இல்லன்னாலும் பன்னி இருக்குதே சார். பயிர் பண்ற எடத்துல, நாங்க பொழங்கற எடத்துல, இவளுங்க வந்து பன்னி வெச்சிக்கினு... பாக்கவே அசிங்கமா இல்ல?"

எனக்குக் கோபம் வரவில்லை.

"இதத்தாண்ணா மொதல்லயே சொல்லியிருக்கணும்" என்றேன். "உங்களுக்குப் பிடிக்காதது பன்னி நாத்தம் இல்ல. நாங்க இங்க நிக்கிறது. அதுக்கு ஆசிட் கெடையாது. உங்க கண்ணு எரிஞ்சா அது எங்க தப்பு, சரி பண்ணிட்டோம். வயிறு எரிஞ்சா நீங்கதான் பாத்துக்கணும்."

"இன்னா பேச்சு பேசற?"

"எங்க நிலத்துல நின்னு பேசறேன்."

அதிகாரி எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்றார். "வாங்க போலாம்" என்று அவரைக் கூட்டிக்கொண்டு போனார். போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்து, "இத விடாம செய்ங்கம்மா. நின்னா நான் மறுபடி வர வேண்டியிருக்கும்" என்றார். அது நியாயமான பேச்சு. "எப்ப வேணா வாங்க சார், சொல்லிட்டு வர வேணாம்" என்றேன்.

கதை அத்தோடு முடிந்துவிடவில்லை. அந்த வாரமே நிலத்துக்காரர் தன் வரப்பு வழியாக நாங்கள் நடக்கக் கூடாது என்று முள்ளை வெட்டிப் போட்டுவிட்டார். பஸ் நிறுத்தத்துக்கு அதுதான் குறுக்கு வழி. நாங்கள் போய்க் கேட்கவில்லை. எங்கள் நிலத்தின் கீழ்ப்பக்கம் ஏரிக்கரையை ஒட்டி இருந்த வேலிகாத்தானை வெட்டி, கல்லைப் புரட்டி, தனியாக ஒரு பாதை போட்டுக்கொண்டோம். சுற்றுதான். ஆனால் மொபெட் போகிற அகலம் இருக்கிறது. கறிக்கடைக்காரரின் வண்டிகூட இப்போது அந்த வழியாகத்தான் வருகிறது.

புளித்த கழிவை எங்கள் மேட்டில் நட்ட மரவள்ளிக்கு ஊற்றினோம். காற்றில் போகாமல் தங்கின அம்மோனியா செடிக்கு உரம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். மண் அதிகமாகப் புளித்துவிடக் கூடாது, அவ்வப்போது சுண்ணாம்பு போட வேண்டும் என்றும் சொன்னார். கல்லுக்கு நடுவே வளர்ந்த செடி என்று யாரும் நம்பாத பச்சையில் மரவள்ளி நின்றது. கிழங்கு பிடுங்குகிற சமயம், நிலத்துக்காரரின் இன்னொரு நிலத்தைக் குத்தகைக்குப் பயிர் செய்கிறவர் வேலியோரம் வந்து நின்றார். அன்றைக்கு மல்லிப்பூ என்று சிரித்தவர்தான். ரொம்ப நேரம் செடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தத் தண்ணி கொஞ்சம் கெடைக்குமா? மக்காச்சோளத்துக்கு ஊத்திப் பாக்கலாம்னு."

என் நாத்தனார் என்னைப் பார்த்தாள். நான் அவளையே சொல்லச் சொன்னேன்.

"தரோம்ணா. ஆனா ராத்திரில ஆள் அனுப்பி வேலிக்கு மேல வாங்கற வேலையெல்லாம் வேணாம். பகல்ல, இந்த வாசல் வழியா, கொட்டாயிக்குள்ள வந்து நீங்களே ரொப்பிக்கினு போங்க."

அவர் தயங்கினார். ரோட்டைப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாசலைச் சுற்றி உள்ளே வந்தார். பன்றிகள் எழுந்து வந்து தொட்டியில் மூக்கை வைத்து அவரைப் பார்த்தன. ஒரு குட்டி அவர் காலை முகர்ந்தது, அவர் துள்ளி விலகினார். நாங்கள் சிரிக்கவில்லை. கையுறையையும் ஒரு பிளாஸ்டிக் குடத்தையும் எடுத்துக் கொடுத்தேன். அவர் குடத்தைக் குழியில் இறக்கினார். அவருக்குப் பிறகு இன்னும் இரண்டு பேர் வந்தார்கள், அதே வாசல் வழியாகத்தான்.

இப்போது ஆசிட்டைக் குறைத்துப் பார்க்கிறோம். திப்பியைத் தனியாகப் புளிக்கவைத்துக் கழிவில் கலந்தால் கொஞ்சம் ஆசிட்டோடு சமாளிக்க முடியுமா என்று நானும் டாக்டரம்மாவும் முயன்று கொண்டிருக்கிறோம். சில வாரம் தாளில் நிறம் வருகிறது, சில வாரம் வரவில்லை. வராத வாரம் கேனைத் திறக்கிறோம். சாவி இன்றைக்கும் என் நாத்தனாரிடம்தான் இருக்கிறது.

போன மாதம் ஒரு தாய்ப்பன்றி நிறையக் குட்டி போட்டது. இடம் போதவில்லை. இரண்டாவது கொட்டகை போட வேண்டும் என்று பேச்சு வந்தபோது, பின்பக்கம் மரங்களுக்கு மறைவாகப் போடலாமே என்று என் கணவர் போனில் சொன்னார். நாங்கள் இரண்டு பேரும் கேட்கவில்லை. மலைக்குப் போகிற பஸ்ஸிலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரிகிற மாதிரி, ரோட்டைப் பார்த்து அஸ்திவாரம் தோண்டியாகிவிட்டது.